வளவிலே பூமரங்கள்

"எனது வீட்டுப் பூந்தோட்டம்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும்படி கேட்டால் நம் மாணவர்களுட் பலர் ரோசாவில் தொடங்குவர். பனித்துளி சுமந்த ரோசா, அதனைச் சுற்றும் வண்ணத்துப்பூச்சி, அந்தூரியம், ஓர்க்கிட் என்று கட்டுரை வளர்ந்து செல்லும். வாசிக்க இனிமையாகவே இருக்கும். ஆனால், எழுதியவரின் வீட்டு முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே நிற்பது கிணற்றடியில் ஒரு செவ்வரத்தையும் படலையடியில் ஒரு நந்தியாவட்டையுமாக இருக்கும். நாள்தோறும் கண்ணெதிரே பூக்கின்ற மரம் கட்டுரைக்குள் வருவதில்லை. எவரும் கவனியாமலே அது பூத்துக்கொண்டிருப்பதுதான் காரணம் போலும்.

மாணவர்களே, அந்த மரங்களைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகின்றேன். தாவரவியலின்படி இவை மரங்கள் அல்ல, செடிகள். தனி அடிமரமின்றி நிலமட்டத்திலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, வைரம் கொண்ட தண்டுகளுடன் வளர்பவை. எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் செவ்வரத்தை, அலரி, நந்தியாவட்டை, எக்சோரா, போகன்விலா யாவும் பூமரங்களே. நானும் அப்படியே அழைக்கின்றேன்.

முதலில் நாம் எந்த நிலத்தில் நின்று பேசுகின்றோம் என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பிரதேசத்தை உலர் வலயம் எனப் புவியியற் பாடத்தில் படித்திருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாடு இவ்வலயத்திலேயே அமைந்துள்ளது. இங்கு பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுடன் வந்துவிடும். தை பிறந்த பின்னர் அடுத்த ஐப்பசி வரை வானத்தை நம்ப முடியாது. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கியுள்ள மழைநீரையே கிணறுகளிலிருந்து எடுக்கின்றோம். அந்த நன்னீருக்குக் கீழே உவர்நீர் இருப்பதனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். ஆகவே எங்கள் வளவில் ஒரு பூமரத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. நுவரெலியாவில் இருப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய ரோசாவை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு அது வாடுகின்றதே என்று வருந்துவதில் நியாயமில்லை.

எங்கள் வீடு தென்மராட்சியில் உள்ளது. 2000ஆம் ஆண்டு அங்கு சண்டை மூண்டபோது ஊர் முழுவதும் எழும்பி வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் போனது. நாங்களும் போனோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர்தான் திரும்பி வந்தோம். கூரை இல்லை, கதவு நிலைகளும் இல்லை. அந்த இழப்புகளைப் பற்றி எழுத இது இடமன்று. ஆனால், வளவு எனக்கொரு பாடம் காட்டியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எவரும் ஒரு செம்பு நீர்கூட ஊற்றாத தோட்டம் அது. வேலிகள் விழுந்துவிட்டதால் கட்டாக்காலி மாடுகளும் ஆடுகளும் மேய்ந்திருந்தன. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேண்டுமென்று செய்தாலும் இத்தகைய பரிசோதனையைச் செய்திருக்க முடியாது.

அம்மா ஆசையாக வளர்த்த ரோசாக்கள் ஐந்தும் இருந்த இடம் தெரியவில்லை. சாடிகளில் நின்ற அந்தூரியங்கள் சாடிகளோடு போய்விட்டன. படலையடி நந்தியாவட்டை ஆளுயரத்துக்கு வளர்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அலரி பக்கத்து வளவுக்குள்ளும் சாய்ந்து நின்றது. போகன்விலா இடிந்த மதில் மீது ஏறி, மதில் இருந்ததே தெரியாதவாறு மூடியிருந்தது. கிணற்றடிச் செவ்வரத்தையை மாடுகள் கடித்துக் கட்டையாக்கியிருந்தன. ஆனால் அந்தக் கட்டையின் அடியிலிருந்து நான்கு துளிர்கள் எழும்பி, அவற்றுள் ஒன்றில் மொட்டும் இருந்தது. வீட்டுக்குள் போகுமுன் அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் சில மரங்கள் நின்றன, சில மடிந்தன? அதிர்ஷ்டம் என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடாது. நீங்கள் படித்த ஆவியுயிர்ப்பை இங்கே நினைத்துப் பாருங்கள். தாவரம் உறிஞ்சும் நீரின் மிகப் பெரும்பகுதி இலைவாய்களூடாக ஆவியாக வெளியேறிவிடுகின்றது. கோடையில் தாக்குப்பிடிக்க வேண்டுமாயின் இந்த இழப்பைக் குறைத்தல் வேண்டும். அலரியின் இலையைத் தடவிப் பார்த்தால் தோல் போன்ற தடிப்பும் மெழுகுப் பூச்சும் தெரியும். அதன் இலைவாய்கள் இலையின் மேற்பரப்பில் இல்லை. கீழ்ப்பரப்பிலும் வெளியே தெரியும்படி இல்லாமல், சிறு குழிகளுக்குள் மயிர்கள் சூழ மறைந்துள்ளன. குழிக்குள் ஈரப்பதன் தங்குவதாலும் காற்று நேரே படாததாலும் நீரிழப்புக் குறைகின்றது. செவ்வரத்தை வேறொரு வழியைக் கையாளுகின்றது. வரட்சி மிகுந்தால் இலைகளை உதிர்த்துவிட்டு, தண்டிலும் வேரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். மேலே வெட்டினாலும் கடித்தாலும் அடியிலுள்ள உறங்கும் அரும்புகள் விழித்துக்கொள்ளும். நந்தியாவட்டையிலும் அலரியிலும் உள்ள பால் கால்நடைகளுக்குப் பிடிக்காது. ஆதலால் ஆடு மேய்ந்த வளவிலும் அவை தப்பிவிட்டன.

போகன்விலாவின் கதை இன்னும் சுவையானது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதனைப் பிரான்சிய தாவரவியலாளர் கொம்மர்சன், 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் சேகரித்தார். அவர் சென்ற கப்பற்பயணத்தின் தலைவர் பூகன்வில் என்பவரின் பெயரே செடிக்கு வந்தது. நாம் பூ என்று எண்ணும் ஊதா, சிவப்பு நிறத் தாள் போன்ற பகுதிகள் உண்மையில் பூவடியிலைகள். அவற்றின் நடுவே மெல்லிய குழாய் போல நிற்கும் வெளிறிய சிறு உறுப்பே பூ. வீட்டில் போகன்விலா நின்றால் இன்றே ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். இச்செடிக்கு நீரை அதிகம் ஊற்றினால் இலைதான் தழைக்கும், பூ குறையும். சற்றுத் தாகத்தோடு விட்டால்தான் நிறைந்து பூக்கும். சோம்பேறித் தோட்டக்காரனுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்ற விரும்புகின்றேன். தாக்குப்பிடிக்கும் மரமென்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. எங்கள் வளவில் தப்பிய ஒவ்வொரு மரமும் அதற்கு முன் பல ஆண்டுகள் வேரூன்றி நின்றவை. இடப்பெயர்வுக்கு முந்திய மாரியில் நட்ட ஒரு செவ்வரத்தைக் கன்று, அதே இனம், அதே மண், பட்டுப்போயிருந்தது. ஆகவே வன்மையின் ஒரு பாதி மரத்தின் அமைப்பில் இருக்கின்றது; மறுபாதியை முதல் ஆண்டில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

எவ்வாறு கொடுப்பது? மழைக்கு முன்பே குழி வெட்டுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். அடியில் தேங்காய்ப் பொச்சு நாலைந்தை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். பொச்சு நீரைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். அதன்மேல் மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் இரண்டு மழை பெய்து மண் குளிர்ந்த பின் கன்றை நடுங்கள். மூன்று மாத மழைக்குள் வேர் கீழே இறங்கத் தொடங்கிவிடும். சித்திரையில் நட்டால் அந்த மூன்று மாதங்களையும் உங்கள் கைதான் இறைத்து ஈடுசெய்ய வேண்டும்.

தை முதல் நீர் விடும் முறையில்தான் பலர் வேரைக் கெடுத்துவிடுகின்றனர். நாளுக்கு ஒரு சிறங்கை, ஒரு செம்பு என்று தெளிப்பார்கள். மேல்மண் மட்டும் நனையும்; வேரும் நீரைத் தேடி மேலேயே படரும். ஒருநாள் ஊற்றத் தவறினால் வெயில் அந்த மேல்வேரைச் சுட்டுவிடும். அதற்குப் பதிலாக நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி நீரை அடியில் ஆறுதலாக ஊற்றுங்கள். நீர் ஆழத்துக்குப் போகும்; வேரும் அதன் பின்னால் போகும். ஒரு பழைய முட்டியின் அடியில் சிறு துளையிட்டுக் கன்றின் அருகே கழுத்து வரை புதைத்து, அதில் நீர் நிரப்பி வைப்பது இன்னும் சிக்கனமானது. வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கள், நுளம்பு முட்டையிடாது. அடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளையோ பனையோலைத் துண்டுகளையோ பரப்பி மூடுபடை இட்டால் மண்ணின் ஈரம் காக்கப்படும். இரண்டாம் ஆண்டில் பத்து நாளைக்கு ஒரு வாளி போதும். மூன்றாம் ஆண்டுக் கோடையில் எங்கள் நந்தியாவட்டைகளுக்கு நாங்கள் எதுவும் ஊற்றுவதில்லை. கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்காலால் ஓடிச் செவ்வரத்தைக்குப் போகின்றது, அவ்வளவே.

கன்றை விலைக்கு வாங்கவும் தேவையில்லை. செவ்வரத்தையின் ஒரு பென்சிற் பருமனான, அதிகம் முற்றாத தடியை ஒரு சாண் நீளத்தில் வெட்டுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக இருக்கட்டும். மேல் வெட்டு நேராக இருந்தால் எது தலை, எது கால் என்று மாறாது. இலைகளைக் கழித்து உச்சியில் ஒன்றிரண்டை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள். வேர் இல்லாத தடிக்கு இலை அதிகமிருந்தால் ஆவியுயிர்ப்பால் அது காய்ந்துவிடும். பாதி நீளத்தை மண்ணுக்குள் வைத்து நிழலில் விட்டால் ஒரு மாதம் அளவில் வேர் பிடிக்கும். தளிர் வந்தவுடன் பிடுங்கிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். தடியில் சேமித்த உணவாலும் தளிர் வரலாம் என்பதால் பொறுத்திருங்கள். மல்லிகைக்கு இதைவிடப் பதி வைப்பதே நல்லது. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து ஒரு கணுவை மண்ணுக்குள் புதைத்து மேலே கல்லொன்றை வைத்தால், தாய்மரத்திலிருந்து உணவு பெற்றபடியே அது வேர்விடும்.

2002இல் இந்த வேலையையெல்லாம் நாங்கள் நிலத்தில் செய்ய முடியவில்லை. தென்மராட்சியில் எந்த வளவுக்குள் மிதிவெடி இருக்கும் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. மிதிவெடி அகற்ற வந்த இளைஞர், "அம்மா, நாங்கள் முடிச்சுச் சொல்லுமட்டும் மண்வெட்டியை எடுக்காதேங்கோ" என்று சொல்லிப் போனார். ஒரு பூமரம் நடுவதற்காக ஒரு காலை இழப்பதற்கு எவர்தான் துணிவார்? அம்மா மண்வெட்டியை எடுக்கவில்லை. பால்மாப் பேணிகளைச் சேர்த்து, அடியில் ஆணியால் துளையிட்டு, வீட்டுத் திண்ணையோரம் கிடந்த மண்ணை அள்ளி நிரப்பி, மாடு மிச்சம் விட்ட அந்தச் செவ்வரத்தையின் தடிகளை ஊன்றி வைத்தார். வளவு துப்புரவாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்டபோது பதினொரு பேணிகளில் கன்று தயாராக நின்றது. அப்போது ஒழுங்கையில் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. "அக்கா, எங்களுக்கும் ஒரு தடி தாங்கோ" என்று கேட்டு வந்தவர்களுக்கு அம்மா பேணியோடேயே கொடுத்தார். இன்றும் எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு வேலி தெரிவது அதே அடுக்கில்லாத சிவப்புச் செவ்வரத்தைதான்.

இதில் ஒரு விஞ்ஞானச் செய்தியும் உண்டு. தடியால் உண்டாகும் கன்று பதியமுறை இனப்பெருக்கத்தால் வந்தது. தாய்த் தாவரத்தின் பிறப்புரிமை இயல்புகள் யாவும் மாற்றமின்றி அதற்கு வரும். எனவே ஒழுங்கை முழுவதும் நிற்பது ஒரே மரம் என்றே சொல்லலாம். தாயின் நிறமும் வன்மையும் எல்லா வேலிகளுக்கும் கிடைத்தன. அதேபோலத் தாயின் பலவீனமும் கிடைத்தது. ஒரு கோடையில் ஒரு வேலியில் வெண்மூட்டுப்பூச்சி வந்தபோது சில வாரங்களுக்குள் எல்லா வேலிகளிலும் இலைகள் சுருண்டு, நுனிகள் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலாகின. எறும்புகள் ஊர்ந்து திரிவதைக் கண்டால் உஷாராகுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் காவல் செய்யும். நுனிகளை வெட்டி எரித்து, சவர்க்காரம் கரைத்த நீரை இலையின் அடிப்புறம் படும்படி விசிறியதில் எங்கள் வேலி மீண்டது. 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி, பப்பாசியோடு செவ்வரத்தை, தேமா போன்ற பூமரங்களையும் தாக்கியது. அதனைக் கட்டுப்படுத்தியது நஞ்சு மருந்தன்று. 2009இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான். உயிரியற் கட்டுப்பாடு என்று விடைத்தாளில் எழுதும்போது இதனை உதாரணமாகக் காட்டலாம்.

எல்லாப் பூமரமும் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது என்பதற்கு எக்சோரா நல்ல சாட்சி. இதுவே நம் இலக்கியத்தில் வரும் வெட்சி; ஆநிரை கவர்தலுக்குரிய புறத்திணை இதன் பெயரையே கொண்டது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. கொழும்பு, களுத்துறைப் பக்கங்களில் பராமரிப்பின்றியே செழித்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் அதே செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். கிணற்று நீரில் கரைந்திருக்கும் அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகின்றது. கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கரையாத நிலையில் கிடப்பதால் வேரால் அதனை உறிஞ்ச முடிவதில்லை. துருப்பிடித்த ஆணிகளை அடியில் புதைக்கச் சொல்வோர் உளர். குறைவு இரும்பிலல்ல, அது கரைவதில் என்பதால் ஆணியால் அதிக பயன் விளையாது. கூட்டெருவை நிறைய இட்டுச் சாடியில் வளர்த்து, இயன்றவரை சேமித்த மழைநீரை ஊற்றலாம். அதற்கும் பொறுமையில்லையென்றால் எக்சோராவை விட்டுவிட்டு நந்தியாவட்டையை வையுங்கள் என்பேன்.

சாடியில் வளர்ப்போர் அடித்தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்புக்கு அந்தச் சிறிதளவு தெளிந்த நீரே போதும். நிலத்தில் நிற்கும் பூமரத்துக்கு இந்தத் தொல்லையில்லை.

அலரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பு, வெள்ளை அலரியின் இலை, தண்டு, பூ, வேர் யாவும் நஞ்சுடையவை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மஞ்சள் அலரியின் விதை கடும் நஞ்சு. இருதயத் துடிப்பைக் குழப்பி உயிரையே பறிக்கக்கூடியது. தெருவோரங்களிலும் கோயில் வீதிகளிலும் அது நின்று பழகிவிட்டதால் பலருக்கு இது தெரிவதில்லை. கத்தரித்த கிளைகளை அடுப்பில் வைக்கக்கூடாது, புகையும் தீங்கானது. வெட்டிய பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சிறு பிள்ளை தவறுதலாக வாயில் வைத்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அண்ணாவின் பிள்ளைகள் தவழத் தொடங்கிய ஆண்டில் அம்மா எங்கள் வளவிலிருந்த மஞ்சள் அலரியை வேரோடு அகற்றிவிட்டார். இரண்டு ஆண்டு வரட்சியிலும் தப்பிய மரம்தான். இருந்தும் குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம் என்பதே என் எண்ணமும்.

கத்தரிப்பதற்கு அஞ்ச வேண்டாம். செவ்வரத்தை புதிய துளிரிலேயே பூக்கும். புரட்டாதியில் கிளைகளை மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டால் மழையோடு துளிர்த்துப் பூத்து நிற்கும். அதன் பூ ஒரே நாளில் வாடிவிடும் என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் விடியற்காலையில் சுவாமிப் படத்துக்குப் பூக் கொய்யப் போகும் அம்மாவுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. நாளைக்குரிய மொட்டு பக்கத்துக் காம்பிலே இருக்கின்றது.

இந்த ஐப்பசியில் நீங்களும் தொடங்கலாம். அயல் வீட்டில் கேட்டு மூன்று தடிகள் வாங்கி வாருங்கள். ஒன்று பிழைத்தாலும் போதும். பேணியில் துளையிட மறந்துவிடாதீர்கள், நீர் தேங்கினால் தடி அழுகிவிடும். மூன்றும் பிடித்துவிட்டால் ஒன்றை வேலிக்கு மேலாக அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அவர்களிடம் வேறு நிறம் இருக்கக்கூடும்.